மூன்று வருடமாக ஒரு யூஎஸ்பி பிளாப்பி டிரைவுடன்

அப்பா மலேசியத் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது எழுத்தர். மாரியம்மன் கோயில் செயலாளர் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. 1990களில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பழைய கணினி ஒன்றை வாங்கி, செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) வேலை முடிந்த இரவுகளில் கோயில் வரவு செலவு, திருவிழா நோட்டீஸ், லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாரியாகக் குடும்பப் பெயர்கள் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதற்கு இப்போது மிச்சம், ஒரு பிஸ்கட் டின்னில் 64 பிளாப்பிகள், அந்தக் காலத்துக் கணினி டிஸ்குகள்.

அவற்றைப் படிக்க இணையத்தில் நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) யூஎஸ்பி டிரைவ் வாங்கினேன். செருகியதும் வேலை செய்கிறது, தனி மென்பொருள் எதுவும் கேட்கவில்லை. 3.5 அங்குல 1.44 எம்பி டிஸ்க் எல்லாம் படிக்கும். 720 கேபி டிஸ்கை என்னுடையது படிக்கிறது. எல்லா டிரைவும் படிக்காது, கேட்டு வாங்குங்கள். பழைய மேக் கணினியின் 800 கேபி டிஸ்க் இதற்குச் சரிவராது.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். நம் ஊர் ஈரத்தில் டிஸ்குக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதைப் பார்க்காமல் போட்டதில் டிரைவில் டிஸ்கைத் தொட்டுப் படிக்கும் ஹெட் அழுக்காகி, அடுத்துப் போட்ட நல்ல டிஸ்கிலும் கீறல் விழுந்தது. இப்போது உலோகத் தகட்டை ஒதுக்கி, நடு வட்டைத் திருப்பி, வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் போடுகிறேன். புள்ளி இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிடுவேன். மூலையிலுள்ள சின்னத் தாழைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. 'ஃபார்மெட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், உள்ளே இருப்பது போய்விடும்.

கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவதை விட்டுவிட்டேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் முழு டிஸ்கையும் ஒரே இமேஜாக, அதாவது அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக எடுக்கிறது: 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 செக்டர், மொத்தம் 14,74,560 பைட். படிக்க முடியாத செக்டரை (தடத்தின் சிறு துண்டு) குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதை மட்டும் திரும்ப முயலும். மூன்றாம் நாள் எழுந்து வந்த டிஸ்க் உண்டு. இதுவரை 51 முழுசாக வந்தன, 9 அரைகுறை, 4 கிடைக்கவே இல்லை.

லோட்டஸ் என்ற பழைய கணக்கு மென்பொருளின் கோப்புகளை, இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் சிரமமில்லாமல் திறந்தது. உண்மையான போராட்டம் தமிழில்தான். அப்பா பயன்படுத்திய எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். நல்ல வேளை, எழுத்துருக் கோப்பும் ஒரு டிஸ்கில் இருந்தது. இன்று எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்றுவதிலும் ஒரு சிக்கல். பழைய முறையில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முதலில் வரவேண்டும். நல்ல மாற்றி அதைச் சரிசெய்துவிடும். ஆனால் எழுத்துரு விவரம் இல்லாத வெறும் உரையாக எடுத்து மாற்றினால், இடையில் முகவரிகளில் வரும் 'Jalan' (மலாயில் சாலை), 'Lot' போன்ற ரோமன் எழுத்துச் சொற்களும் தமிழாகிக் குழம்பிவிடும். அதனால் வேர்ட் கோப்பிலேயே வைத்து, தமிழ் எழுத்துருவில் உள்ள பகுதியை மட்டும் மாற்றினேன். மூலக் கோப்பையும் எழுத்துருவையும் இமேஜோடு சேர்த்தே பாதுகாக்கிறேன். மாற்றியதில் பிழை தெரிந்தால் திரும்பிப் போக வேறு வழி கிடையாது.

போன தீபாவளிக்கு வந்த பக்கத்து லயத்து அக்கா, "தம்பி, எங்கம்மா பேரு இருக்கா பாரு" என்றார். ஆடித் திருவிழா நன்கொடைப் பட்டியலில் இருந்தது, பத்து வெள்ளி. அச்சடித்துக் கொடுத்தேன். அதன் பிறகுதான் மற்றவர்களும் தங்கள் வீட்டு டிஸ்குகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அந்த 64-இல் சேராமல் இன்னும் தொடாதது ஆறு 5.25 அங்குல டிஸ்குகள். அவற்றுக்கு யூஎஸ்பி டிரைவ் கடையில் கிடைப்பதில்லை. 34 முள் கேபிள் உள்ள பழைய டிரைவோடு, அதை யூஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைக்கும் கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகையும் 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும். பலகை வாங்கிவிட்டேன். சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் யார் வீட்டிலாவது ஓடும் 5.25 டிரைவ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.