ஆட்டோகிராஸ் வகுப்பு தெரியாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்: கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பக்கம் ஆட்டோகிராஸ் (குறுகிய பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் கார் பந்தயம்) ஓட்டும் ஆசையோடு வண்டியைப் பட்டறையில் விட இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வண்டி 2008 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 1298 சிசி. எங்கள் ஊரில் பந்தய வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில் அதை விட்டபோது நான் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: என்ன வேலை செய்தாலும் வண்டி ஸ்டாக் வகுப்பிலேயே, அதாவது கம்பெனி கொடுத்தபடி பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கான பிரிவிலேயே, நிற்க வேண்டும். உரிமையாளர் தயங்காமல் ஒப்புக்கொண்டு, 92,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, “அதெல்லாம் வேலை முடியட்டும் சார்” என்றார். அந்த இடத்திலேயே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து வண்டி வந்தது. கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஹெடர்ஸ் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள்), சைலன்சர், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாறியிருந்தன. கேம்ஷாஃப்டை மாற்றினால் ஸ்டாக்கில் விடுவார்களா என்று கேட்டபோது, அவர் மேசை இழுப்பறையிலிருந்து சில அச்சுத்தாள்களை எடுத்துக் காட்டினார். நம் நாட்டு விதி என்று நினைத்து நான் நம்பிவிட்டேன். அவை அமெரிக்காவின் எஸ்சிசிஏ சங்கம் தன் சோலோ என்ற ஆட்டோகிராஸ் போட்டிகளுக்கு வைத்திருக்கும் விதிப்புத்தகத்தின் சில பக்கங்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தால் அவர் சொன்னது அங்கும் செல்லாது. அங்கே ஸ்ட்ரீட் என்ற அடிமட்டப் பிரிவில் ஷாக் அப்சார்பர், காற்று வடிகட்டி, பிரேக் பேடு, கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) பின்னால் உள்ள சைலன்சர் பகுதி போன்ற சிலவற்றையே மாற்றலாம். சக்கரத்தின் விட்டம் ஓர் அங்குலம் கூடவோ குறையவோ இருக்கலாம், அகலம் மாறக் கூடாது. இதற்கு மேல் ஸ்ட்ரீட் டூரிங், ஸ்ட்ரீட் ப்ரிப்பேர்டு, ப்ரிப்பேர்டு, மாடிஃபைடு முதலிய படிகள் ஏறுகின்றன. விதியில் அனுமதி என்று எழுதப்படாத எதையும் தொடக் கூடாது என்பதும், வண்டியில் மிக மேல்படிக்குரிய ஒரே ஒரு மாற்றம் இருந்தாலும் முழு வண்டியும் அந்தப் படிக்குப் போய்விடும் என்பதும்தான் அதன் அடிப்படை. பட்டறைக்காரர் ஷாக் அப்சார்பருக்கான பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறார்.

இங்கே நிலைமை வேறு. நம் நாட்டில் மோட்டார் பந்தயங்களை எஃப்எம்எஸ்சிஐ என்ற கூட்டமைப்பு நெறிப்படுத்துகிறது; ஒவ்வொரு போட்டிக்கும் நடத்துபவர்கள் தனியாகத் துணை விதிகளை வெளியிடுகிறார்கள். வகுப்புகள் பெரும்பாலும் எஞ்சின் கொள்ளளவை வைத்தே பிரிக்கப்படுவதால், 1400 சிசிக்குள் இருந்தால் போதும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஆனால் கொள்ளளவு ஒரு கேள்வி, எந்த அளவுக்கு மாற்றம் செய்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விடை கிடைத்தால்தான் வகுப்பு தெரியும். டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் கொள்ளளவிலேயே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி டர்போ பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கித்தான் கணக்கிடுவார்கள். 999 சிசி வண்டி அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 1698 சிசி.

போட்டி நாளன்று ஸ்க்ரூட்டினியில், அதாவது ஓட்டும் முன் நடக்கும் வண்டிச் சோதனையில், ஐட்லிங்கில் எஞ்சின் துடித்த துடிப்பைக் கேட்டதுமே அதிகாரி டைமிங் கவரைக் கழற்றச் சொன்னார். கேம்ஷாஃப்டின் கோணத்தை மாற்றி வைக்கக்கூடிய கேம் புல்லி அங்கே பளிச்சென்று இருந்தது. அவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. மாற்றம் செய்த வண்டிகளுக்கான ஓப்பன் வகுப்பில் ஓட்டலாம், ஸ்டாக்கில் அனுமதிக்க முடியாது என்றார். அவர் சரியாகவே நடந்துகொண்டார். உள்ளே எல்லாவற்றையும் உரித்து, ரோல் கேஜ் (உள்ளே பொருத்தும் பாதுகாப்புக் கம்பிக் கூண்டு) வைத்து, எடை குறைத்த வண்டிகளோடு அன்று ஓட்டி, கடைசிக்கு முந்திய இடத்தில் வந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியதால், காவேரிப்பட்டினத்தில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். 74 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 75 மில்லிமீட்டர் இருந்தது. எனக்குச் சொல்லாமலே சிலிண்டர்கள் உள்ள பிளாக்கைக் கடைந்து ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். போரின் வர்க்கத்தை ஸ்ட்ரோக்கான (பிஸ்டன் நகரும் தூரம்) 75.5 மில்லிமீட்டராலும், நான்கு சிலிண்டராலும், 0.7854 ஆலும் பெருக்கி, 1000 ஆல் வகுத்துப் பாருங்கள். 1298 சிசி எஞ்சின் ஏறத்தாழ 1334 சிசி ஆகியிருக்கிறது. “1400க்குள்ளதானே சார் இருக்கு” என்பதே பட்டறைக்காரர் கொடுத்த பதில். ஆர்சி புத்தகத்தில் 1298 என்று இருக்க, வண்டியில் வேறு அளவு இருப்பது தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோடு மோதும் என்பதும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை உறுதிப்படுத்தியிருக்கிறது என்பதும் அவர் காதில் ஏறவில்லை. சாலையிலும் ஓடும் வண்டிக்கு இது சிறிய விஷயம் அல்ல. கேம்ஷாஃப்டைத் திரும்ப மாற்றிவிடலாம். கடைந்த பிளாக்கை என்ன செய்வது?

எனவே வண்டியை விடும் முன், நீங்கள் ஓட்டப்போகும் போட்டியின் துணை விதிகளை நீங்களே வாங்கி, உங்கள் வகுப்புக்கான பக்கத்தைப் பட்டறையின் மேசையில் வைத்துப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் போட்டி நடத்துபவர்களுக்கே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மாற்றிய ஒவ்வொரு பாகமும் பில்லில் வர வேண்டும், கழற்றிய பழைய பாகங்கள் உங்கள் கைக்குத் திரும்ப வர வேண்டும். என் பழைய கேம்ஷாஃப்டும் பிஸ்டன்களும் எங்கே என்று கேட்டபோது, பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. பில் இல்லாததால், பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பதிவையும், வாட்ஸ்அப் உரையாடலையும், காவேரிப்பட்டினத்து மெக்கானிக் எழுதிக் கொடுத்த அளவுக் குறிப்பையும் சேர்த்து என் புகாரைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இதே போல் எஞ்சின் கடைந்து கொடுக்கப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் வேறு யாராவது இருந்தால், போர் அளவை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள்.