ஜூனோ-106ஆ, டிஎக்ஸ்7ஆ? இரண்டையும் வாங்கிப் பார்த்த பிறகு

பழைய சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியைப் பிறப்பிக்கிற கீபோர்டு) ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில்தான். ரோலண்ட் ஜூனோ-106, யமஹா டிஎக்ஸ்7. முன்னது 1984-இல் வந்தது, பின்னது 1983-இல். இரண்டிலும் 61 கட்டை, கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கிற மிடி வசதியும் இரண்டிலும் உண்டு, அதனால் இன்றைய கணினியோடும் சேர்த்து வாசிக்கலாம். நான் முதலில் வாங்கியது ஜூனோ. மூன்று வருடம் வைத்திருந்து விற்றேன். இப்போது வீட்டில் ஸ்டாண்டின் மேல் இருப்பது டிஎக்ஸ்7, அதை விற்கிற எண்ணம் இல்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

முதலில் ஜூனோவுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவுடன் மனசைப் பிடிக்கிற ஒலி எது என்றால் ஜூனோதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. டோக்கியோவில் வேலை பார்த்த நாட்களில் ஒச்சனோமிசு பக்கம் அடிக்கடி போவேன், தெரு முழுக்க இசைக்கருவிக் கடைகள். ஒரு பழைய சாமான் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜூனோவில் நான்கு கட்டையை அமுக்கி, கோரஸ் பட்டனைத் தட்டினேன். அந்த ஒரு பட்டன்தான் என்னை வாங்க வைத்தது. ஒரு குரலுக்கு, அதாவது ஒலிக்கிற ஒவ்வொரு ஸ்வரத்துக்கும், ஒலியைப் பிறப்பிக்க ஒரே ஒரு ஆசிலேட்டர், அது எழுந்து அடங்குகிற விதத்தைத் தீர்மானிக்க ஒரே ஒரு என்வலப், இவ்வளவுதான் அதன் உள்ளே இருக்கிறது. ஆனால் கோரஸ் சேர்ந்ததும் அது இடமும் வலமுமாக விரிந்து, ஒரு கூடம் நிறைய வயலின்காரர்கள் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும். லேசான இரைச்சலும் கூடவே வரும், அது எனக்குத் தொந்தரவாகப் பட்டதில்லை. முகப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்லைடர். ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கிற பில்டரைத் திறக்க வேண்டுமா, கையை வைத்து மேலே தள்ளு. பத்து வயதுப் பிள்ளைகூட அரை மணி நேரத்தில் சொந்தமாக ஒரு ஒலி செய்துவிடும்.

டிஎக்ஸ்7 அப்படி இல்லை. முகப்பில் பச்சையும் பழுப்புமாகத் தட்டையான பட்டன்கள், இரண்டு வரித் திரை, அளவை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். ஒரு ஒலிக்கு 140-க்கும் மேற்பட்ட அளவுகள், அத்தனையையும் அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். இதில் ஒலி பிறக்கிற விதமும் வேறு. ஸ்டான்போர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்த எப்எம் முறை அது. வீணையில் கமகம் கொடுக்கும்போது தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கிறோம் இல்லையா, அந்த அசைவை நொடிக்குப் பல நூறு தடவை என்று வேகப்படுத்தினால் காதுக்கு அது அசைவாகக் கேட்காது, புதிய நாதமாகக் கேட்கும். ஒரு சைன் அலை இன்னொரு சைன் அலையை அப்படி அசைக்கிறது. இரண்டு அலைகளின் விகிதம் முழு எண்ணாக இருந்தால் சுருதியோடு ஒட்டிய ஒலி, முழு எண்ணாக இல்லாவிட்டால் மணி, சேகண்டி போன்ற உலோக ஒலி. டிஎக்ஸ்7-இல் இப்படி ஆறு அலைகள், அவற்றைக் கோத்துக்கொள்ள 32 வழிகள், அந்த 32 படங்களும் முகப்பிலேயே அச்சடித்திருக்கும். யமஹா இந்த உரிமையை வாங்கி, விற்கக்கூடிய விலையில் ஒரு கருவியாக்க ஏறக்குறைய பத்து வருடம் உழைத்தது.

ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டி சமம் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், ஜூனோதான் முந்தும். ஆனால் வாசிக்கிறவன் விரலுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜூனோவின் கட்டைகளுக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலி. டிஎக்ஸ்7-இல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலியின் அளவோடு அதன் குணமும் மாறும். அதில் பதிந்து வந்த முதல் எலக்ட்ரிக் பியானோ ஒலியையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஒரு அலை அடிப்படை ஸ்வரத்தைப் போல 14 மடங்கில் ஓடுகிறது. மெல்லத் தொட்டால் அது கேட்கவே கேட்காது, கொஞ்சம் அழுத்தினால் கம்பியைச் சுண்டியது போல ‘டிங்’ என்று மேலே எழும். கட்டையை அமுக்கிய பிறகு இன்னும் அழுத்தினால் அதற்கும் தனியாக ஒரு அசைவு வைத்துக்கொள்ளலாம். ஹார்மோனியத்திலிருந்து கீபோர்டுக்கு வந்தவன் நான், விரல் அழுத்தத்துக்குக் கருவி பதில் சொல்வது எனக்கு அப்போது பெரிய விஷயமாக இருந்தது, இப்போதும் அப்படித்தான்.

இன்னொன்று, ஜூனோவில் ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம்தான் ஒலிக்கும், டிஎக்ஸ்7-இல் பதினாறு. எடை, ஜூனோ 10 கிலோ, டிஎக்ஸ்7 14 கிலோவுக்கு மேல். இதையெல்லாம் விளம்பரத் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி பராமரிப்பு. என் முடிவை மாற்றியது இது ஒன்றுதான்.

ஜூனோ-106-இன் உள்ளே 80017ஏ என்று ஒரு சிப் இருக்கிறது. ஒரு குரலுக்கு ஒன்று வீதம் ஆறு. பில்டரும் ஒலியளவைக் கட்டுப்படுத்துகிற சுற்றும் இதற்குள்தான், அதாவது அந்த ஒலியின் உயிரே இதுதான். இதை ஒரு சின்னப் பலகையில் செய்து மேலே கறுப்புப் பிசின் பூசி மூடிவிட்டார்கள். வருடங்கள் போகப் போக அந்தப் பிசின் கெட்டு, உள்ளே மின்சாரம் போகக்கூடாத வழிகளில் கசிகிறது. முதல் அறிகுறி, அடுத்தடுத்து வாசிக்கும்போது ஆறில் ஒரு ஸ்வரம் மட்டும் மங்கும், அல்லது கரகரக்கும், அல்லது கட்டையை விட்ட பிறகும் அடங்காமல் தொங்கும். இது ஒரு கருவியின் துரதிர்ஷ்டம் இல்லை, இந்த மாடலுக்கே உள்ள வியாதி. கவலைப்படாதே என்று சொல்லித்தான் எனக்கும் விற்றார்கள்.

சென்னைக்குக் கொண்டுவந்த இரண்டாவது ஐப்பசியில் எனக்கு அது வந்தது. பழுது பார்க்கிற ஒருவரிடம் கொடுத்தேன். ஸ்லைடர்களில் தூசி என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து பணம் வாங்கிக்கொண்டார், கரகரப்பு அப்படியே இருந்தது. அப்புறம் நானே சர்வீஸ் கையேட்டைத் தேடிப் படித்தேன். கீ டிரான்ஸ்போஸ் பட்டனைப் பிடித்தபடியே கருவியை ஆன் செய்தால் சோதனை நிலைக்குப் போகும், ஒவ்வொரு கட்டையை அமுக்கும்போதும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். எனக்கு நான்காவது குரல். அந்தச் சிப்பைச் சால்டர் எடுத்துக் கழற்றி, அசிட்டோனில் இரண்டு நாள் ஊற வைத்து, பிசினை உரித்துவிட்டுத் திரும்பப் பொருத்தினேன். வேலை செய்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. நான்கு மாதத்தில் இரண்டாவது குரல் போனது.

அந்தச் சிப்பை ஊற வைத்தும் பயன் இல்லை. ரோலண்ட் இதைத் தயாரிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது, மாற்றுச் சிப் செய்து விற்கிற சிறு தயாரிப்பாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒன்று வரவழைத்தேன். பொருத்தினால் மட்டும் போதாது, ஒவ்வொரு குரலுக்கும் பில்டர், ரெசொனன்ஸ், ஒலியளவு என்று உள்ளே குட்டித் திருகுகள் உண்டு, அவற்றை மற்ற ஐந்து குரலோடு ஒத்துப்போகும்படி சரிசெய்ய வேண்டும். எவ்வளவு முயன்றும் அந்த ஒரு குரல் மற்றவற்றைவிடப் பளிச்சென்று கேட்டது. என் கையில் பழக்கம் போதாததும் காரணமாக இருக்கலாம். இதோடு இது ஜப்பான் கருவி, 100 வோல்ட். நம் ஊரில் 230. ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் எப்போதும் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும், வீட்டில் யாராவது விவரம் தெரியாமல் நேராகச் செருகிவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம் எனக்குக் கடைசிவரை போகவில்லை. ஒரு கட்டத்தில் வாசிக்க உட்காரும்போதே எந்தக் குரல் எப்போது போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் விற்பது என்று முடிவு செய்தேன்.

டிஎக்ஸ்7 எனக்குக் கிடைத்தது சென்னையிலேயே. மெல்லிசைக் குழுவில் நீண்ட காலம் கீபோர்டு வாசித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், 80-களில் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது, அதனால் நம் ஊர் மின்சாரத்துக்கே ஆனது. கோயில் திருவிழா, கல்யாணக் கச்சேரி என்று வேனில் ஏற்றி இறக்கி அதன் ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது. “உள்ள என்னென்ன வேலை பாத்திருக்கீங்க சார்?” என்று கேட்டேன். “திறந்ததே ஒரு தடவைதான் தம்பி, பாட்டரி மாத்த” என்றார். விலை, நான் ஜூனோவுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

இதன் உள்ளே ஒலியைச் செய்வது யமஹாவின் சொந்தச் சிப்கள். முழுக்க டிஜிட்டல், அதனால் சுருதி சேர்க்கவோ திருகவோ எதுவும் இல்லை. அந்தச் சிப் போனால் புதிதாக வாங்க முடியாது என்பது உண்மைதான், அந்த வகையில் இதுவும் ஜூனோவும் ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால் இவை லேசில் போவதில்லை. அப்படியே போனாலும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கருவி என்பதால் வேறெதற்காகவோ செத்துப்போன இன்னொரு டிஎக்ஸ்7-இலிருந்து எடுத்துக்கொள்ளலாம். என் கருவியில் நான் செய்த வேலை இரண்டுதான். சில பட்டன்களை நகம் பதிய அமுக்க வேண்டியிருந்தது, அடியில் இருக்கிற சின்ன சுவிட்சுகளை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி மாற்றினேன். இரண்டாவது, பாட்டரி. அது சால்டர் செய்து பொருத்தியிருக்கும், தீர்ந்தால் சேமித்த ஒலிகள் எல்லாம் போய்விடும். கழற்றுவதற்கு முன்னால் மிடி வழியாக ஒலிகளைக் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டேன், புதிதாக ஒரு பாட்டரி ஹோல்டரைப் பொருத்தினேன், இனி கடிகாரத்துக்கு மாற்றுவது போல மாற்றலாம். ஜூனோவிலும் பாட்டரிக்கு இதே ஏற்பாடுதான், அதை மறந்துவிடாதீர்கள்.

என்னிடம் இது இருப்பது நான்கு வருடமாகத்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு அந்தப் பெரியவர் வார்த்தைதான் சாட்சி. ஒரே ஒரு கருவியை வைத்து எல்லா டிஎக்ஸ்7-உம் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த ஒரு ஜன்னல் வழியாக ஒலி செய்கிற கஷ்டம்? அதற்கு நான் கண்ட வழி டெக்ஸ்ட் (Dexed) என்கிற இலவச மென்பொருள். டிஎக்ஸ்7-இன் அத்தனை அளவுகளையும் கணினித் திரையில் ஒரே பக்கத்தில் காட்டும். அங்கே மாற்றி மிடி வழியாகக் கருவிக்கு அனுப்பலாம். அனுப்பும் முன் கருவியில் மெமரி புரொடெக்டை எடுத்துவிட வேண்டும், ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் அது தானாகப் பூட்டிக்கொள்ளும், இது தெரியாமல் இரண்டு மாலைகளை வீணாக்கினேன். டெக்ஸ்ட்டே கிட்டத்தட்ட அதே ஒலியைத் தருகிறதே, இரும்புப் பெட்டி எதற்கு என்று கேட்பார்கள். பாட்டுக்கு நடுவில் ஒலித்தால் எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாமல் போனதுண்டு. தனியாக, மெல்ல மங்கி அடங்குகிற மணி ஒலியில்தான் பழைய கருவியின் அந்தச் சொரசொரப்பு தெரிகிறது, எனக்கு அது வேண்டும். ஜூனோ ஒலியைத் தருவதற்கென்று ரோலண்ட் 2019-இல் விட்ட ஜேயூ-06ஏ போன்ற குட்டிக் கருவிகளை நான் கடையில் நின்று பத்து நிமிடம்தான் வாசித்திருக்கிறேன், நான்கு குரல்தான் என்பது மட்டும் உடனே உறுத்தியது.

இதையெல்லாம் படித்த பிறகும் ஜூனோதான் வேண்டும் என்றால் உங்களைத் தடுக்க மாட்டேன், அந்தக் கோரஸ் அப்படிப்பட்டது. வாங்கப் போகிற இடத்தில் அந்தச் சோதனை நிலைக்குப் போய் ஆறு குரலையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள், அதுவும் கருவி அரை மணி நேரம் சூடான பிறகு. சிப் எப்போது மாற்றியது, ஒன்றா ஆறுமா என்று கேளுங்கள். என் ஜூனோவை வாங்கிய பையன் பெங்களூரில் இருக்கிறான். நான் செய்தது போல ஒவ்வொன்றாக ஒட்டுப் போடாமல் மிச்சமிருந்த பழைய சிப்களையும் தூக்கிவிட்டு, ஆறையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கி ஒரே நாளில் மாற்றிச் சுருதி சேர்த்துவிட்டான். “இப்ப ஆறும் ஒண்ணாவே கேக்குதுண்ணா” என்று போன மாதம் வாசித்துக் காட்டினான். போனில் கேட்டாலும் நன்றாகத்தான் இருந்தது. மாற்றி ஒரு வருடம்தான் ஆகிறது.