பழுது பம்ப்பில் இல்லை, பிளக்கில் இருந்தது: ஜெட் படகு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மூன்று சிலிண்டர் கொண்ட எனது ஜெட் படகின் இன்ஜினுக்கு, எரிபொருளைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் மாற்றக் கொடுத்த இடத்தில், போலிப் பிளக்குகளைப் பொருத்திவிட்டு அசலுக்கான விலையை வாங்கிக்கொண்டார்கள். அதனால் வந்த கோளாற்றை, தண்ணீரைப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் பம்ப்பின் தேய்மானம் என்று சொல்லித் தேவையே இல்லாத இன்னொரு வேலைக்கும் பணம் பெற்றார்கள். பட்டறையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

வழக்கமான பராமரிப்பின்போதுதான் பிளக்குகளை மாற்றச் சொல்லியிருந்தேன். கையேட்டில் உள்ள என்.ஜி.கே. நிறுவனத்தின் டி.சி.பி.ஆர்.8.இ என்ற பிளக்கையே போடுவதாகச் சொன்னார்கள். பில்லிலும் அதுவே இருந்தது. பழைய பிளக்குகளைக் கேட்டபோது குப்பையில் போய்விட்டதாகப் பதில் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படகைத் தண்ணீரில் இறக்கியபோது இன்ஜின் ஒரே முயற்சியில் கிளம்பியது, மெதுவான ஓட்டத்திலும் எந்தக் குறையும் தெரியவில்லை. சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு முழு வேகம் கொடுத்தால், வழக்கமாக நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளைத் தாண்டும் இன்ஜின் 6,000-ஐ ஒட்டியே திணறி, விட்டுவிட்டு உதறத் தொடங்கியது.

திரும்பக் கொண்டுபோனேன். படகு வேகம் எடுக்கவில்லை என்று நான் சொன்ன உடனே, இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்காமல், பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் மெக்கானிக். நானும் நம்பி அதை மாற்றச் சம்மதித்தேன். இந்தப் பதிவை எழுத முதல் காரணமே அந்தச் சம்மதம்தான், ஏனென்றால் அவர் சொன்னது பொய் என்பதை இன்ஜின் சுற்றுகளைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள்ளே அன்றைக்கே காட்டிக்கொண்டிருந்தது. இம்பெல்லருக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி அகன்றுவிட்டால் பம்ப்பால் தண்ணீரை இறுகப் பிடித்துத் தள்ள முடியாது. அப்போது இன்ஜின் சுற்றுகள் எகிறும், ஆனால் படகு அதற்கேற்ப நகராது. எனக்கோ நேர் எதிராகச் சுற்றுகளே ஏறவில்லை. சுற்று ஏறியும் வேகம் வராவிட்டால் பம்ப்பைச் சந்தேகிக்கலாம். சுற்றே ஏறாமல் உதறினால் முதலில் இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

வளையம் மாற்றிய பிறகும் நிலைமை அப்படியே இருந்ததால், நானே பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இன்ஜின் அறையை முழுவதும் திறந்து வைத்து, பெட்ரோல் ஆவி வெளியேற விசிறியை ஓட விட்டு, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகே கை வைத்தேன்; இன்ஜினின் அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துவிடக்கூடும்.

வெளியே வந்த மூன்றிலும் பில்லில் இருந்த அதே எண்தான் அச்சிடப்பட்டிருந்தது, ஆனால் எழுத்துகள் மங்கலாகவும் சற்றுச் சாய்வாகவும் இருந்தன. அசல் பிளக்கில் வாஷர் எளிதில் கழன்று விழாதபடி பிடித்திருக்கும். இவற்றில் இரண்டில் அது விரலால் உருவினாலே வந்துவிட்டது. எண்ணில் உள்ள ‘ஆர்’ என்ற எழுத்து உள்ளே மின்தடை உண்டு என்பதைக் குறிப்பது. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை மேல் முனையத்திலும் மற்றொன்றை நடு மின்முனையிலும் வைத்தால் ஏறத்தாழ 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். இவற்றில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. மின்தடை இல்லாத பிளக் எழுப்பும் மின் இரைச்சல் இன்ஜினின் கணினியையே குழப்பக்கூடியது. மின்முனைகளின் இடைவெளியோ 1.1 மில்லிமீட்டர் இருந்தது. எனது கையேடு கேட்பது 0.7 முதல் 0.8 வரைதான். ஒன்றின் பீங்கான் வெள்ளையாக வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தது, அதாவது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. ஒழுங்காக எரியும் இன்ஜினில் அது வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும்.

மெதுவான ஓட்டத்தில் தெரியாத குறை உச்ச வேகத்தில் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. இம்பெல்லர் விழுங்கும் சக்தி சுற்று எண்ணிக்கையின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்ப ஏறுவது. 6,000 சுற்றிலிருந்து 7,000-க்குப் போக ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். சுமை ஏற ஏறச் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும், இடைவெளி அகலமாக இருந்தால் பொறி தவறிவிடும். காரில் இப்படி நீண்ட நேரம் முழு அழுத்தம் கொடுத்து ஓட்டுவது அரிது. ஜெட் படகுக்கு அது அன்றாட வாழ்க்கை. ஆகவே வெப்பத்தைக் கடத்தத் தெரியாத பிளக் இங்கே பொறிக்கு முன்பே கலவையைத் தானாகப் பற்றவைத்துப் பிஸ்டனையே துளைத்துவிடலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகாதது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மெக்கானிக் சற்று நேரம் மழுப்பிவிட்டு, வேறொரு நிறுவனத்தின் பிளக்கை எடுத்து, ‘இதுவும் 8 தான் சார், அதே சூடு’ என்று நீட்டினார். இது அறியாமையா துணிச்சலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என்.ஜி.கே.யில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை, அதாவது வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடுவது. பாஷ், சாம்பியன் நிறுவனங்களில் எண் கூடினால் சூடான வகை. டென்ஸோவும் என்.ஜி.கே.யின் திசையிலேயே போனாலும் அளவுகோல் வேறு. அங்கே 24 என்பதே இங்கே 8. எண்ணை மட்டும் பார்த்து மாற்றிப் போடுகிறவரிடம் இன்ஜினை ஒப்படைப்பது ஆபத்து.

பிளக்கின் விலையைத் திருப்பித் தந்தார்கள். பம்ப் வேலைக்கான தொகையைக் கேட்டபோது, வளையம் எப்படியும் ஒரு நாள் தேயத்தானே போகிறது என்றார்கள். கழற்றிய பழைய வளையத்தைக் கேட்டேன். அதுவும் குப்பையில் போய்விட்டதாம்.

அசல் பிளக்குகளை வேறிடத்தில் வாங்கி, பெட்டியை நானே பிரித்து, இடைவெளியை அளந்து பொருத்தினேன். கையால் இறுகும்வரை திருகிய பின், 12 மில்லிமீட்டர் மரைக்கு உரிய 15 முதல் 20 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். மரையில் கிரீஸ் தடவவில்லை, தடவினால் அதே அளவிலேயே அளவுக்கு மீறி இறுகிவிடும். அன்று மாலையே இன்ஜின் உதறாமல் 7,000-ஐத் தாண்டியது.