மூச்சிரைப்புக்கு நடுவே மாரடைப்பு: புதுக்கோட்டைப் பயணத்தில் கண்ட மருத்துவச் சேவை

லண்டனிலிருந்து இம்முறை ஊருக்குச் சென்றிருந்தபோது, நெடுங்காலம் பீடி புகைத்து நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் வாழும் என் பெரியப்பாவுக்குச் சளி முற்றி மூச்சுவிட முடியாமல் போனது. அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, வழக்கமான வீசிங்தான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஏனெனில் இந்நோயாளிகளுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டுமே தெரிவது உண்டு. நோய் திடீரெனத் தீவிரமாகும்போது உடலெங்கும் அழற்சி கூடி, ரத்தம் எளிதில் உறைந்து, ஆக்சிஜன் குறைந்த நிலையிலேயே இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருப்பதால், அடுத்த சில வாரங்களுக்கு மாரடைப்பு அபாயம் வெகுவாக உயர்கிறது.

அன்றிரவு அவருக்கு வியர்த்துக் கொட்டியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த செவிலியர் வேறெதையும் கேட்பதற்கு முன் ஈசிஜி எடுத்தார். அதில் மாரடைப்பு தெரிந்தது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே விழுங்கச் செய்து, 108 வண்டியில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். வண்டியிலிருந்த பணியாளர் ஆக்சிஜனை அளவோடுதான் வைத்தார். இத்தகைய நோயாளிகளுக்கு ரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கிவிடக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். தஞ்சாவூரில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவு எங்கள் மேல் விழவில்லை.

வீடு திரும்பிய பின் மற்றொரு சிக்கல் எழுந்தது. இதயத் துடிப்பைத் தணிக்கக் கொடுத்திருந்த மெட்டோபிரோலால் மாத்திரை வீசிங்கைக் கூட்டிவிடும் என்று சொல்லி, உள்ளூர் மருத்துவர் ஒருவர் அதை நிறுத்தச் சொன்னார். மறுபரிசோதனையில் இதய மருத்துவர் அதைத் திரும்பத் தொடங்கினார். மூச்சுக்குழாய்கள் மீதும் செயல்படும் புரோபிரனலால் போன்றவற்றைத்தான் தவிர்க்க வேண்டும், இதயத்தின் மீதே பெரிதும் செயல்படும் மெட்டோபிரோலால், பைசோபிரோலால் ஆகியவற்றை இந்நோயாளிகளில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வர் என்று பெரியம்மாவுக்கும் புரியும்படி நிதானமாக விளக்கினார்.

பழைய இழுப்பு நோயாளி திணறிக்கொண்டு வந்தால், நெபுலைசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜியும், தேவையெனில் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்யும்படி உறவினர்கள் தயங்காமல் கேட்க வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் திணறல் அடங்காவிட்டால் மறுபடியும் எடுக்கச் சொல்ல வேண்டும்.