ஒரு சொட்டு டீசலுக்கு ஒன்பது மாதம்

போன வாரம் ஈப்போவிலிருந்து மச்சான் போன் செய்தான். பழைய டீசல் பிக்அப் ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டான். வரத்தான் செய்யும். 2024 ஜூன் 10-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் ஒரே ராத்திரியில் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதே, அன்றிலிருந்து இந்த மாதிரி வண்டிகளைத் தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் நிறைய. "உன்னோடதுதான் இத்தனை வருஷமா ஓடுதே, நீயே சொல்லு" என்றான். என் வண்டியில் ஒன்பது மாதம் டீசல் கசிந்த கதையை ஆரம்பித்தேன். அரைமணி நேரம் கேட்டுவிட்டு, சோறு ஆறுகிறது என்று வைத்துவிட்டான். மிச்சம் இதோ.

என்னுடையது 2002-இல் பதிவான ஜப்பான் பிக்அப். 2.5 லிட்டர் டர்போ டீசல், கைக்கியர். பெயர் போடவில்லை. இருபது வயது தாண்டிய ரப்பர் காய்ந்துபோனதற்குக் கம்பெனியை இழுப்பது நியாயமில்லை; தவிர, பாதிப் பேர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். 2012-இல் பட்டர்வொர்த்தில் செகண்ட்ஹேண்டாக வாங்கினேன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுவது என் தொழில். கூடாரக் கம்பிகளோடு நூறு நாற்காலியை ஏற்றிக்கொண்டு பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் விட்டால், முனகாமல் மாடு மாதிரி ஏறும். அந்த இழுவை இருக்கிறதே, அதற்காகவே இதன் மற்ற குணங்களை மன்னித்துக்கொண்டு வந்தேன்.

மன்னிப்பு தீர்ந்தது 2023 தைப்பூசத்தில். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் ஆட்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் சாமான் இறக்கிவிட்டு, கூட்டத்தில் வெளியே வர முடியாமல் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றிருந்தேன். மோர் வாங்கிய ஒரு பாட்டி, டம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தி, "என்னய்யா இது, மோருல மண்ணெண்ணெய் வாடை?" என்றார். மோரில் ஒன்றுமில்லை. வாடை என் பானட்டுக்குள்ளிருந்து.

மறுநாள் காலை அடுத்த அறிகுறி. சாவியைத் திருப்பியதும் பிடிக்கிற எஞ்சின், பத்து வினாடி சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, இருமிக்கொண்டே எழுந்தது. வண்டிக்கு அடியில் கைக்குட்டை அளவுக்கு ஈரம். அன்றைக்கே ஒரு ஆரஞ்சுப் பெட்டியைப் பிரித்து அட்டையைக் கீழே போட்டேன்.

முதல் பட்டறையில் போமன் (மெக்கானிக்) பானட்டைத் திறந்த வேகத்தில் "ரிட்டன் ஹோஸ் அண்ணே" என்றார். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நோசல்களின் தலையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ரப்பர்க் குழாய்கள். வெடித்துத்தான் இருந்தன. 40 வெள்ளி. மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் அட்டையில் புது வட்டம். இரண்டாவது பட்டறையில் ஃபில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பைக் காட்டினார்கள். அதுவும் நனைந்துதான் இருந்தது. 120 வெள்ளி. மூன்றாவது ஆள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நோசல் நாலையும் கழற்றி வாஷர் மாற்றினால் சரியாகிவிடும் என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோபம் இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்: முதல் இருவரும் ஏமாற்றவில்லை. டீசல் சொட்டுகிற இடம் ஒன்று, கிளம்புகிற இடம் இன்னொன்று. பெட்ரோல் என்றால் சீக்கிரம் ஆவியாகிவிடும். டீசல் அப்படியில்லை, இரும்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, வழியில் கிடக்கும் தூசியையெல்லாம் சேர்த்துக்கொண்டு, ஏதோ ஒரு மூலைக்கு வந்து சாவகாசமாகச் சொட்டும். இருபது வருஷ எஞ்சினில் எங்கே கை வைத்தாலும் பிசுபிசுப்புதான். யாரைப் பிடித்தாலும் குற்றவாளி மாதிரியே தெரிவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். ஆல்டர்னேட்டருக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, டிகிரீசர் அடித்துக் கழுவி, வெயிலில் காயவிட்டேன். அப்புறம் மகளின் முகப்பவுடரை எடுத்து பம்பு, ஃபில்டர், குழாய் என்று எல்லாவற்றின் மேலும் தூவினேன். மனைவி எட்டிப் பார்த்து, "திருநீறு பூசியாச்சு, சூடம் காட்டலியா?" என்றாள். டார்ச் லைட்டும் நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் செய்வதாக இருந்தால், ஓடுகிற எஞ்சினில் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். நோசலுக்குப் போகும் இரும்புக் குழாயில் அழுத்தம் நூறு பார் (அழுத்த அளவு) என்பதற்கும் மேல். ஊசித் துளையிலிருந்து பீச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே புள்ளிதான் தெரியும், ஆனால் ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. சந்தேகமான இடத்தில் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும்.

கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பவுடர் வெள்ளையாகவே இருந்தது. மகனை ஏறி உட்கார்ந்து எண்ணெய் (ஆக்சிலேட்டர்) மிதிக்கச் சொன்னேன். அப்போது பார்த்தேன். நோசல்களுக்கு டீசலைத் தள்ளும் பம்பின் தலையில் ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிற ஒரு கை இருக்கும். அதன் தண்டு மூடிக்குள் இறங்கும் இடத்தில் பவுடர் சாம்பல் நிறமானது. முதலில் மிளகளவு. மகன் இன்னொரு முறை மிதித்ததும் பம்பின் தோள் வழியாக ஒரு கோடு இறங்கியது. ஃபில்டரும் இல்லை, நோசலும் இல்லை. அந்தத் தண்டைச் சுற்றி இருக்கும் ஓ-ரிங், கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்.

இது வி.இ. வகைப் பம்பு. போஷ் வடிவமைத்தது, அந்தக் காலத்து ஜப்பான் டீசல் வண்டிகள் பலவற்றில் இருந்தது. அதன் வயிறு முழுக்க டீசல். உள்ளே ஓடும் பாகங்களுக்கு மசகும் அந்த டீசல்தான். எஞ்சின் சுற்று கூடக் கூட வயிற்றின் அழுத்தமும் கூடும். மிதித்தால் மட்டும் கசிந்தது அதனால்தான். வண்டியை நிறுத்தினால் கதை தலைகீழ். டாங்கி கீழே, பம்பு மேலே. டீசல் மெல்லப் பின்வாங்க, அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். காலை இருமலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சந்தேகம் தீர, பம்புக்கு வரும் ஹோஸில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டினேன். ராத்திரி பார்த்தபோது குழாய் நிறைய டீசல். விடிந்து பார்த்தால் நாலு விரல் நீளத்துக்குக் காற்று.

ரப்பருக்கு வயசாகிவிட்டது, அது ஒன்று. டீசலும் மாறிவிட்டது. 2021 ஏப்ரலில் இங்கே யூரோ 5 டீசல் கட்டாயமானது. முன்பு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருந்த கந்தகம் 10-க்கு இறங்கியது. கந்தகத்தை நீக்கும்போது அரோமாட்டிக் சேர்மங்களும் குறைகின்றன. அவற்றைக் குடித்து உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர், அவை கிடைக்காமல் சுருங்குகிறது. அதற்கு முன்பே, 2019-இல் பி10 வந்தாயிற்று. பத்து விழுக்காடு செம்பனையிலிருந்து செய்தது. காற்றுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. என் ஓ-ரிங்குக்குத்தான் யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஓ-ரிங்கை நானே மாற்றினேன். பத்து வெள்ளிகூட ஆகவில்லை, ஒரு முழு நாள் ஆனது. தண்டின் நுனியில் பல் பல்லாக வெட்டியிருக்கும். கையைக் கழற்றும் முன் இரண்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் ஐட்லிங் தாறுமாறு. மூடிக்கு அடியில், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங் ஒரு கொக்கியில் தொங்கும். அதைத் திரும்ப மாட்டுவதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாயிற்று. வண்டி ஒரே சுற்றில் பிடித்தது. அன்று நான் நடந்த நடையைப் பார்த்து மகன் சிரித்தான்.

செப்டம்பரில் அட்டையில் மறுபடி வட்டம்.

இந்தத் தடவை புக்கிட் மெர்தாஜாமில் டீசல் பம்பு மட்டுமே பார்க்கும் ஒரு சீன அங்கிளிடம் போனேன். என் கதை எதையும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பம்பின் கையை இரண்டு விரலால் பிடித்து, திருப்பாமல், பக்கவாட்டில் ஆட்டினார். 'டக் டக்' என்றது. "லொங்கார்" என்றார், மலாயில் தளர்ந்துவிட்டது என்று. அவ்வளவுதான். ஆக்சிலேட்டர் கேபிள் ஒரே பக்கமாக இருபது வருஷம் இழுத்ததில் தண்டு உட்காரும் துளை நீள்வட்டமாகிவிட்டது. ஆடுகிற தண்டுக்கு எந்த ரப்பரைப் போட்டாலும் மூன்று மாதம்தான். பவுடர் தூவிய நான் ஏன் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை எரிச்சல்.

பம்பைக் கழற்றி, துளைக்குப் பித்தளை புஷ் (உள்வளையம்) அடித்து, சீல் அனைத்தையும் டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் மாற்றினார். அதோடு என்னைக் கூப்பிட்டு டைமிங் பெல்ட் மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். பம்பின் முன் சீலும் கசிய ஆரம்பித்து, பெல்ட்டின் ஓரம் கறுத்து மெத்தென்றிருந்தது. டீசலில் ஊறிய பெல்ட் எப்போது அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் காலி. பெல்ட்டோடு சேர்த்து 780 வெள்ளி. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு வண்டி கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிறது.

ஆக, மச்சானுக்கு என் பதில்: வாங்காதே. வண்டி நல்ல வண்டி, பாலிக் பூலாவ் ஏற்றத்தில் இன்றைக்கும் எதுவும் இதற்கு ஈடில்லை. ஆனாலும் வாங்காதே. வாரா வாரம் விலை மாறுகிற டீசலை ஊற்றி, ஒன்பது மாதம் அட்டையைக் குனிந்து பார்க்க உனக்குப் பொறுமை கிடையாது. அப்படியானால் உன்னுடையதைக் கொடு என்று மட்டும் கேட்டுவிடாதே, அது நடக்காது.

அட்டை இன்னும் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை அதில் படுக்கிறது. கசிவு இருந்த காலத்தில் அது அந்தப் பக்கமே வராது. இப்போதெல்லாம் காலையில் நான் குனிந்து பார்ப்பதில்லை. பூனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்கிறேன்.