சிஸ்டம் ரெஸ்க்யூ: சர்வர் ரீட்-ஒன்லி ஆனால் கைகொடுக்கும் பூட் டிஸ்க்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதி) திடீரென்று ரீட்-ஒன்லி, அதாவது படிக்க மட்டும் என்று ஆகிவிட்டால், பலரின் கை முதலில் போவது அதை மறுபடி எழுதக்கூடியதாக்கும் ரீமவுண்ட் கட்டளைக்குத்தான். அது தவறு. லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 தன் மெட்டாடேட்டாவில் (கோப்புகள் எங்கே உள்ளன என்ற குறிப்புகளில்) பிழை கண்டதால்தான் மேலும் கெடாமலிருக்க எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. வெளியிலிருந்து பூட் செய்து பார்ப்பதே பாதுகாப்பு. அதற்கு இன்றைக்கு நம்பி எடுக்கக்கூடியது சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற மீட்பு பூட் டிஸ்க். முன்பு ஜென்டூ லினக்ஸ் அடிப்படையில் இருந்தது, 2019 முதல் ஆர்ச் லினக்ஸ் அடிப்படையில் வருகிறது. இலவசம்.

ரீபூட் செய்யும் முன் ஒரு வேலை உண்டு. டிஸ்க் எழுதாத நிலையில் லாக் எதுவும் பதிவாகியிருக்காது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையின் வெளியீட்டை எஸ்எஸ்எச் (தொலை இணைப்பு) வழியாக வேறு கணினியில் சேமியுங்கள். ஐ/ஓ பிழை (டிஸ்க்கைப் படிக்க, எழுத முடியாமை) முதலில் வந்ததா, எக்ஸ்ட்4 பிழை மட்டும் வந்ததா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

சிஸ்டம் ரெஸ்க்யூவின் பூட் மெனுவில், அதை முழுதாக நினைவகத்தில் ஏற்றும் ‘காப்பி டு ராம்’ தெரிவை எடுங்கள். ஐடிராக், ஐலோ போன்ற சர்வர் தொலை மேலாண்மை வசதிகளின் விர்ச்சுவல் மீடியா வழியாக ஏற்றினால் மெதுவாகத்தான் வரும். ஆனால் ஏறிய பிறகு இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. இதன் பெரிய நற்குணம், டிஸ்க்கில் உள்ள எந்த ஃபைல் சிஸ்டத்தையும் தானாக மவுண்ட் செய்யாதது (பயன்பாட்டுக்கு இணைக்காதது). ஆனால் பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் சாஃப்ட்வேர் ரெய்டையும், டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மையும் தானாக இயக்கிவிடும். ரெய்டில் ஒரு டிஸ்க் சந்தேகத்துக்குரியது என்றால் ‘நோ-எம்டி-எல்விஎம்’ தெரிவைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பார்ப்பதற்குள் ரீசிங்க் (டிஸ்க்குகளை ஒத்திசைத்து எழுதுவது) தொடங்கிவிடலாம்.

உள்ளே போனதும், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்கண்ட்ரோல் கட்டளை. 197-ஆம் எண்ணில், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களில், பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்செக்கைத் தொடவே கூடாது. படிக்க முடியாத டிஸ்க்கில் அது எழுதப்போனால் இருப்பதும் போகும். முதலில் கெட்ட டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததைப் பிரதி எடுக்கும் டிடி-ரெஸ்க்யூவால் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள், பாதியில் நின்றால் விட்ட இடத்தில் தொடரலாம். தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் காட்டும் 199-ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அதை மாற்றுங்கள்.

டிஸ்க் நலம் என்றால் எஃப்எஸ்செக்கை முதலில் ‘என்’ தெரிவோடு ஓட்டுங்கள், எதையும் எழுதாமல் பிழைகளை மட்டும் காட்டும். இந்த நிலையில் ஜர்னல் (பாதியில் நின்ற மாற்றங்களின் பதிவு) ஓடாது என்பதால் இல்லாத பிழைகளும் சில தெரியும், பதற வேண்டாம். ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படைக் குறிப்பான சூப்பர்பிளாக்கே கெட்டிருந்தால், 4 கேபி பிளாக் உள்ள பார்ட்டிஷனில் 32768-ஆம் பிளாக்கில் மாற்றுப் பிரதி இருக்கும். பிறகு ‘என்’ இல்லாமல் ஓட்டித் திருத்தி முடிந்ததும், பெயர் இழந்த கோப்புகள் சேரும் லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் கோப்புறையைத் திறந்து பாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு ஃபைல் சிஸ்டம் வேறு ரகம், அது ரீட்-ஒன்லி ஆகாமல் மொத்தமாக நின்றுவிடும். அங்கே ஒருமுறை மவுண்ட் செய்து இறக்கி அதன் லாக்கை (எக்ஸ்ட்4-இன் ஜர்னல் போன்றது) ஓடவிட்ட பிறகே ரிப்பேர். லாக்கை அழிக்கும் பெரிய ‘எல்’ தெரிவு, வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

குறைகளும் உண்டு. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்கான ஆதரவு சிஸ்டம் ரெஸ்க்யூவில் இல்லை, அதைப் பயன்படுத்துபவர்கள் வேறு ஐஎஸ்ஓ (பூட் டிஸ்க் கோப்பு) வைத்திருக்க வேண்டும். கையொப்பமில்லாத பூட் டிஸ்க்கைத் தடுக்கும் செக்யூர் பூட்டை பயாஸில் அணைக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஃபயர்வால் தடுக்கும். எஸ்எஸ்எச் வேண்டுமானால் ‘நோ-ஃபயர்வால்’ கொடுத்து, ரூட்டுக்குக் கடவுச்சொல்லும் வைக்க வேண்டும். நள்ளிரவில் முதல்முறை பயன்படுத்துபவர் இங்கேதான் தடுமாறுவார், முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிப் பழகிவிடுங்கள்.

கிளவுட் சர்வர்களில் ஐஎஸ்ஓ ஏற்ற வழியில்லாவிட்டால் இது உதவாது. அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) இணைத்து, இதே வரிசையில் பார்க்கலாம்.