450 ரூபாய் பாட்டிலை நம்பி 18,850 ரூபாய் போச்சு: உப்புத்தண்ணீர் டேங்க் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

18,850 ரூபாய். ஒரே வாரத்துக்குள் போனது. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "நாலு இறால் செத்ததுக்கா இவ்வளவு சத்தம்" என்று யாரும் கேட்கக் கூடாது.

என் 200 லிட்டர் கடல் மீன் டேங்க் ஒன்றரை வருடமாக ஓடுகிறது. சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் போட்டு 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு அனிமோன் (பூ மாதிரி விரியும் கடல் உயிர்), இரண்டு கிளீனர் இறால், ஒரு சிவப்பு ஃபயர் இறால், ஒரு நட்சத்திர மீன். பவளம் கிடையாது. கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்த வம்பே வேண்டாம் என்று அந்தப் பக்கம் போகவில்லை. உப்பை அளக்க ஆரம்பத்திலிருந்தே பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்தான். முள் ஆடுமே, அது. எப்போதும் 1.026 காட்டும். நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டால் கடல் நீரின் அடர்த்தி அதுதான், பி.பி.டி. கணக்கில், அதாவது ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கில், 35. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

சும்மா இருக்க முடியாமல் துல்லியமாக அளக்க ஆசைப்பட்டேன். அந்த முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் அளவு கூடிவிடும், உப்பு படிந்தால் குறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையும்கூட. சரி, இரண்டு சொட்டுத் தண்ணீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று போன சனிக்கிழமை கடல் மீன் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அவரைப் பற்றியே போய்விடும், பாட்டிலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

கருவி 3,200 ரூபாய். அதோடு, கருவியைச் சரிபார்க்க உப்பு 35 உள்ள திரவம் என்று 450 ரூபாய்க்கு ஒரு சின்ன வெள்ளை பாட்டில். "35 கேலிபரேஷன்" என்று மார்க்கரில் கையால் எழுதியிருந்தது. கம்பெனி சீல் இல்லை, தேதி இல்லை. அதைப் பார்த்த உடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கடைக்காரர் அவரே பெட்டியைப் பிரித்து, கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, குட்டி ஸ்குரூ டிரைவரால் திருகி, "பாருங்க ப்ரோ" என்று என் கண்ணருகே நீட்டினார். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு கச்சிதமாக 35இல் நின்றது.

"ஆர்.ஓ. தண்ணி விட்டு ஜீரோ பாக்க வேணாமா?" என்று கேட்டேன். உப்பில்லாத தண்ணீரில் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும் இல்லையா. நானேதான் கேட்டேன்!

"அது பழைய முறை ப்ரோ. ஜீரோல செட் பண்ணா 35ல தப்பா காட்டும். நமக்கு வேண்டியது 35தானே? இனிமே இதுல கை வைக்காதீங்க."

நான் விழுந்தது இங்கேதான். அவர் சொன்னதில் பாதி உண்மை. மலிவான கருவிகளில் பல, பூஜ்யத்தில் சரியாக நின்றாலும் 35இல் விலகும். சாதாரண உப்புக் கரைசலை அளக்கச் செய்த கருவிகளையே கடல் நீருக்கென்று விற்பதும் உண்டு, அவற்றில் 35 உள்ள கடல் நீர் 36.5 போலக் காட்டும். அதனால்தான் 35 திரவம் வைத்துச் சரிபார்ப்பது. இதெல்லாம் நானும் படித்திருக்கிறேன். அவர் வாயிலிருந்து அதே வந்ததும், விஷயம் தெரிந்த ஆள் என்று தலையாட்டிவிட்டேன். அவர் சொல்லாத பாதி என்னவென்றால், 35இல் திருகிய கருவி ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்க வேண்டும். ஒன்று தள்ளலாம், மிஞ்சினால் இரண்டு.

ஞாயிறு காலை டேங்க் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். 43. பதறிப்போய் அவருக்கே போன் செய்தேன்.

"43ஆ? இத்தனை நாள் கருவாட்டுத் தண்ணியில மீன் வளத்திருக்கீங்க ப்ரோ! அந்த பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடுங்க. தண்ணிய எடுத்துட்டு ஆர்.ஓ. ஊத்துங்க, 35க்கு வர்ற வரைக்கும்."

அன்றைக்கே 40 லிட்டர் மாற்றினேன். கருவி 36 காட்டியது. திங்கள் காலை இன்னும் 6 லிட்டர். 35. அப்பாடா என்று வேலைக்குப் போனேன்.

திங்கள் இரவு ஒரு கிளீனர் இறால் மல்லாந்து கிடந்தது. செவ்வாய் மற்றதும், ஃபயர் இறாலும். நட்சத்திர மீனின் கைகள் நுனியிலிருந்து கரைய ஆரம்பித்தன. புதன்கிழமை அனிமோன் வாய் பிளந்து, பாறையை விட்டுக் கழன்று, கூழாகிவிட்டது. என் மகள் அதற்குப் பெயரெல்லாம் வைத்திருந்தாள், அதை எழுத வேண்டாம். கிளவுன் மீன்கள் மட்டும் மிஞ்சின. இறாலுக்கும் நட்சத்திர மீனுக்கும் உப்பு சட்டென்று இறங்கினால் தாங்காது, மீன் ஓரளவு சமாளிக்கும்.

புதன் ராத்திரிதான் புத்தி வந்து ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பார்த்தேன். கோடு எட்டில் நின்றது. எட்டு! வெறும் தண்ணீருக்கு! மின்கடத்தும் திறனை வைத்து அளக்கும் டிஜிட்டல் மீட்டர் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு அப்போதே ஓடினேன். முதலில் அவருடைய சீல் உடைக்காத திரவத்தில் சரிபார்த்தார், 25 டிகிரியில் மின்கடத்தும் அளவு 53 காட்ட வேண்டும் (உப்புக் கணக்கில் அதுதான் 35), காட்டியது. பிறகு என் டேங்க் தண்ணீர்: உப்பு 27. பிறகு அந்த 450 ரூபாய் பாட்டில்: அதுவும் 27. அதாவது 27ஐ 35 என்று சொல்லித் திருகிக் கொடுத்திருக்கிறார். நான் 35இல் நன்றாக இருந்த டேங்க்கை இரண்டே நாளில் 27க்கு இறக்கியிருக்கிறேன். தூக்கிப் போடச் சொன்ன பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்தான் கடைசிவரை உண்மை சொல்லியிருக்கிறது.

வியாழன் காலை போன் செய்தால், "அமோனியா ஏறியிருக்கும், டெஸ்ட் பண்ணீங்களா?" செத்த பிறகு அமோனியா ஏறாதா? எட்டு காட்டுகிறது என்றேன். "ஆர்.ஓ.ல பாத்தா அப்படித்தான் காட்டும் சார்." கவனித்தீர்களா, வாங்கும்போது ப்ரோ, கேட்கப் போனால் சார். சாயங்காலம் நேரில் போனேன். அவர் இல்லை. வேலை பார்க்கும் பையனிடம் பாட்டிலை நீட்டினேன். "இதுவாண்ணா? இந்த டேங்க்ல இருந்துதான் பிடிச்சு வைப்போம்" என்று மீன் விற்கும் தொட்டியைக் காட்டினான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. மீன் மட்டும் இருக்கும் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பது பல கடைகளில் வழக்கம். உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணியும் குறையும். அந்தத் தண்ணீர்தான் எனக்கு 450 ரூபாய்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "கடல் தண்ணிதானே சார், கடல்ல 35தான்" என்கிறார். வங்கக் கடலே மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கும். அது போகட்டும், மீட்டரில் 27 என்று கண்ணால் பார்த்தேனே! "பிரிச்ச ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்ல" என்று முடித்தவர், போகும்போது இரண்டு டாம்சல் மீன் சும்மா தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்று அனுப்பிய நாலு வாட்ஸ்ஆப் செய்திக்கும் நீல டிக் மட்டும்தான். பில் கேட்டபோது துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார், அதையும் ஜிபே ரசீதையும் வைத்து 1915 நுகர்வோர் எண்ணில் புகார் செய்யப்போகிறேன்.

அனிமோன் 7,000, கிளீனர் இறால் இரண்டும் 3,800, ஃபயர் இறால் 2,600, நட்சத்திர மீன் 1,800, கருவி 3,200, பாட்டில் 450. மொத்தம் 18,850. உப்பும் ஆர்.ஓ. தண்ணீரும் இதில் சேரவில்லை.

எப்படி அளப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இதற்கே நேரம் போய்விட்டது. அவசரத்துக்கு இவ்வளவு: மார்க்கரில் எழுதிய பாட்டிலை வாங்காதீர்கள். வீட்டிலேயே தராசில் 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்ட வேண்டும், பெரிய கம்பசூத்திரம் இல்லை. இந்தக் கரைசல் டிஜிட்டல் மீட்டருக்கு உதவாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் ஒரு தடவை பாருங்கள், யார் வேண்டாம் என்று சொன்னாலும். வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று எழுதியிருக்கும் கருவிகள் பெரும்பாலும் 30 டிகிரி வரைதான், நம் ஊர் மே மாதத்தில் ஏசி அறையில் வைத்துப் பாருங்கள், சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுத்து. இரண்டு கருவி இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவதில் பார்க்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள்.

நான் இப்போது நண்பரின் மீட்டரை இரவல் வாங்கி, ஒரு நாளைக்கு ஒன்று என்று உப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று 29. கிளவுன் ஜோடி அனிமோன் இருந்த பாறையையே சுற்றிக்கொண்டிருக்கிறது.